மூன்றாவது அம்புக்கு இடம்

டார்ட் விளையாட்டுக்கு நல்ல அம்பு எது என்று கேட்டால், நேராகப் பறக்கும் அம்பு என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அம்பின் உறைமேல் அச்சிடும் விளம்பர வாசகங்களும் வேகம், துல்லியம், காற்றைக் கிழிப்பது என்றே பேசுகின்றன. ஆனால் கடந்த நூறு ஆண்டுகளில் இந்தச் சிறு கருவியில் வந்த மாற்றங்களில் எவை நிலைத்தன என்று வரிசையாகப் பார்த்தால் வேறொரு விஷயம் தெரிகிறது. அம்பு காற்றில் இருக்கும் அந்த அரை நொடிக்கும் குறைவான நேரத்தை மனத்தில் வைத்துச் செய்த மாற்றங்கள் சிலவே. பலகையில் குத்தி நின்றபின், அடுத்து வரும் அம்புக்கு அது வழிவிடுகிறதா மறிக்கிறதா என்ற கேள்விக்குப் பதிலாக வந்த மாற்றங்களே அதிகம். இந்த ஆட்டத்தில் ஒரு முறைக்கு மூன்று அம்புகள். ஆகவே ஓர் அம்பைத் தனியாக எடுத்து, இது எவ்வளவு சிறந்தது என்று அளப்பதில் அர்த்தமில்லை. முதல் இரண்டும் போய்ச் சேர்ந்தபின் மூன்றாவது அம்புக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதே சரியான அளவுகோல். இனி வரப்போகும் முன்னேற்றங்களையும் அதே அளவுகோலால்தான் எடைபோட வேண்டும் என்பது என் வாதம்.

இந்த ஆட்டத்தைப் பழகாதவர்களுக்காக முதலில் பலகையைப் பார்த்துவிடுவோம். சுவரில் மாட்டிய வட்டப் பலகையின் மையம் தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்கும். எறிபவர் நிற்கும் கோடு பலகையின் முகத்திலிருந்து 2.37 மீட்டர் தள்ளி இருக்கும். பலகை 20 ஆப்புகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. வெளி வளையத்தில் குத்தினால் அந்த எண்ணைப்போல் இரு மடங்கு, உள் வளையத்தில் குத்தினால் மும்மடங்கு. 501 என்ற எண்ணிலிருந்து கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். பலகையின் நடுமையத்துக்குக் கிடைப்பது 50 புள்ளிதான். 20-இன் மும்மடங்குக் கட்டத்துக்கு 60. தேர்ந்த ஆட்டக்காரர்கள் மறுபடி மறுபடி அந்த ஒரே கட்டத்தையே குறிவைப்பதற்கு இதுவே காரணம். மூன்று அம்பும் அங்கே விழுந்தால் 180. அந்தக் கட்டத்தின் உயரம், கட்டங்களைப் பிரிக்கும் கம்பிக்குக் கம்பி, வெறும் 8 மி.மீ.; அகலம், நடுவில் அளந்தால், சுமார் 32 மி.மீ. கேரம் ஆடுபவர்களுக்கு இந்தச் சிக்கல் உடனே பிடிபடும். ஒரு காயைக் குழியில் தள்ளும்போதே மற்ற காய்கள் எங்கே போய் நிற்கும், அடுத்த அடிக்கு வழி இருக்குமா என்று அங்கே கணக்குப் போடுகிறோம். இங்கே அந்தக் கணக்கை ஆட்டக்காரருக்கு முன்பாகவே அம்பைச் செய்பவர் போட்டாக வேண்டும்.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். டார்ட் அம்பில் நான்கு பகுதிகள் உண்டு: எஃகு முனை, விரல்கள் பிடிக்கும் கனமான பேரல், அதன்பின் தண்டு, கடைசியில் இறகு. பேரல் 24 கிராம் எடையும் 5 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட திண்மமான உருளை என்று வைத்துக்கொள்வோம். பித்தளையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.5 கிராம், அதில் செய்தால் பேரலின் விட்டம் ஏறக்குறைய 8.5 மி.மீ. வரும். 90 சதவீதம் டங்ஸ்டன் கலந்த உலோகத்தின் அடர்த்தி சுமார் 17 கிராம். அதில் செய்தால் விட்டம் 6 மி.மீ. வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் நின்றுகொண்டிருக்கும் அம்பின் மையத்திலிருந்து ஒரு விட்டத் தொலைவுக்குள் அடுத்த அம்பின் மையம் வந்தால் இரண்டு பேரல்களும் உரசிவிடும். அதாவது ஒரு பித்தளை அம்பு இடமும் வலமுமாக 17 மி.மீ. அகலத்தை அடைத்துக்கொள்கிறது. இரண்டு அம்புகள் தள்ளித்தள்ளி நின்றால் 34 மி.மீ. கட்டத்தின் மொத்த அகலமே 32 என்பதால், மூன்றாவது அம்பு எதையும் தொடாமல் உள்ளே போக வழியே இல்லை. டங்ஸ்டனில் ஓர் அம்பு அடைப்பது 12 மி.மீ.; இரண்டு சேர்ந்தால் 24. எட்டு மில்லிமீட்டர் மிஞ்சுகிறது. இது மிக மோசமான நிலைமைக்கான கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒட்டி நின்றால் இடம் கூடும். முன்னால் நிற்கும் பேரலில் உரசிய அம்பு அதே கட்டத்துக்குள் வழுக்கி விழுவதும் உண்டு. இருந்தாலும் எதையும் தொடாமல் போக வழி இருப்பதற்கும் அறவே இல்லாமல் போவதற்கும் நடுவே நிற்பது அந்த இரண்டரை மில்லிமீட்டர்தான்.

பித்தளைக்கு முன்பு நிலைமை இதைவிட நெருக்கடியாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அம்புகள் மரத்தால் ஆனவை; கனத்துக்காக ஈயப் பட்டை சுற்றி, பின்னால் வான்கோழி இறகு செருகியிருப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலோகப் பேரல்கள் வந்தன. 1937-இல் லண்டனில் ஃபிராங்க் லோவி தொடங்கிய யூனிகார்ன் நிறுவனம், மூன்று அம்புகளையும் எடையில் ஒத்துப்போகச் செய்து ஒரு செட்டாக விற்றது. அம்பைத் தனிப் பொருளாகப் பார்க்காமல் மூன்றில் ஒன்றாகப் பார்க்கும் எண்ணம் அங்கே வணிகத்துக்குள் வந்துவிட்டது. டங்ஸ்டன் வந்தது 1970-களின் தொடக்கத்தில். இந்த உலோகம் உருகுவதற்கு 3,400 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெப்பம் வேண்டும். சுத்தமான டங்ஸ்டன் உடையும் தன்மை கொண்டது, கடைவதும் கடினம். அதனால் அதை உருக்கி வார்ப்பதில்லை. டங்ஸ்டன் தூளோடு நிக்கல், இரும்பு அல்லது செம்புத் தூளைக் கலந்து, அச்சில் அழுத்தி, உலையில் சுடுகிறார்கள். சேர்க்கப்பட்ட உலோகங்கள் மட்டும் இளகி, டங்ஸ்டன் துகள்களைப் பிணைத்துப் பிடிக்கின்றன. இப்படிக் கிடைக்கும் உலோகக் கம்பியைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, விரலுக்குப் பிடிமானம் தரும் வரிப்பள்ளங்களை வெட்டுகிறார்கள். ஒரே கட்டத்தில் இடம் கிடைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: 1984 அக்டோபர் 13 அன்று ஸ்லோ நகரில் ஆட்டக்காரர் ஜான் லோ, தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஆட்டத்தில் முதன்முறையாக 501-ஐ ஒன்பதே அம்புகளில் முடித்தார். அதில் முதல் ஆறு அம்புகளும் அந்த 20-இன் மும்மடங்குக் கட்டத்தில் போய் நின்றன. அப்புறம் 17-இன் மும்மடங்கு, 18-இன் மும்மடங்கு, 18-இன் இரட்டை.

பேரல் மெலிந்ததும் நெரிசல் பின்னால் நகர்ந்தது. வழக்கமான பெரிய இறகை விரித்து அளந்தால் அதன் அகலம் மும்மடங்குக் கட்டத்தின் அகலத்தைத் தாண்டிவிடும். மூன்று அம்பும் ஒரே கட்டத்தில் நிற்க வேண்டுமென்றால் இறகுகள் ஒன்றோடொன்று மோதியே தீரும். இதற்குக் கிடைத்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. இறகை உறுதியாக்குவதற்குப் பதிலாக, விட்டுக்கொடுக்கும்படி செய்தார்கள். மெல்லிய பாலியெஸ்டர் தாளை மடித்து ஒட்டிய நான்கு மடல்கள், இன்னொரு அம்பு வந்து தட்டினால் மடங்கி வழிவிடும். அடி பலமாக இருந்தால் தண்டின் பிளவிலிருந்து கழன்று தரையில் விழும். விழுந்த இறகை எடுத்துத் திரும்பச் செருக இரண்டு நொடி போதும். சில வகைத் தண்டுகள் பேரலின் மேல் தாமாகச் சுழலும். வரும் அம்பின் முனை இறகில் பட்டதும் தண்டு திரும்பிக்கொண்டு ஒதுங்கிவிடும். இறகையே சிறிதாகவும் ஒடுங்கலாகவும் செய்பவர்களும் உண்டு. ஆனால் இறகை அளவுக்கு மேல் குறைத்தால் அம்பின் தள்ளாட்டம் அடங்காது.

அந்தத் தள்ளாட்டத்தைப் பற்றிப் பேசாமல் அம்பின் வடிவமைப்பைப் பேச முடியாது. கையிலிருந்து விடுபடும் கணத்தில் எந்த அம்பும் தான் போகும் திசையை மிகச் சரியாக நோக்கியிருப்பதில்லை. மூக்கு சற்றே தூக்கியோ சாய்ந்தோ கிளம்புகிறது. எடையின் மையம் முன்னால் பேரலில் இருக்கிறது; காற்று தள்ளும் விசை பெரும்பாலும் பின்னால் இறகில் விழுகிறது. அதனால் இறகு வாலைத் திருத்துகிறது, திருத்தும்போது கொஞ்சம் கூடுதலாகவே திருப்பிவிடுகிறது, மறுபடி எதிர்ப்பக்கம் திரும்புகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜேம்ஸ், ஜோனத்தன் பாட்ஸ் இருவரும் அம்பின் பறத்தலை அளந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு, அம்பு இப்படி அலையலையாக ஆடிக்கொண்டே போவதையும், அந்த ஆட்டம் முழுதாக அடங்குவதற்குள் பலகை வந்துவிடுவதையும் காட்டியது. ஆக, பலகையில் குத்தும் கணத்தில் அம்பு அந்த ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அந்தச் சாய்விலேயே நின்றுவிடுகிறது. வால் தொங்கி நின்றால் கீழே இருக்கும் இடத்தை மறைக்கும். பக்கவாட்டில் சாய்ந்தால் பக்கத்து இடம் போகும். மூன்றும் ஒரே சாய்வில், இணையாக நின்றால்தான் நெரிசல் குறையும். தண்டின் நீளத்தையும் இறகின் பரப்பையும் மாற்றி அந்த அலையின் நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பறத்தலைத் திருத்துவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வேலையும், கடைசியில், இடம் விடுகிற வேலையாகவே முடிகிறது.

முனையின் கதையும் இதே திசையில்தான் போகிறது. பழைய பலகைகள் எல்ம் மரத்தில் செய்தவை. 1930-களில் சைசல் என்ற கற்றாழை இனத்தின் நாரைக் கட்டுக்கட்டாக அடுக்கி, அழுத்தி, குறுக்கே வெட்டிச் செய்யும் பலகை வந்தது. அதில் முனை நார்களை விலக்கிக்கொண்டு நுழைகிறது; பிடுங்கியதும் நார்கள் மீண்டும் நெருங்கிக்கொள்கின்றன. ஆனால் கட்டங்களைப் பிரிக்கும் கம்பியில் நேராகப் பட்டால் அம்பு தெறித்துக் கீழே விழும், அந்த எறிக்குப் புள்ளியும் கிடைக்காது. கலிபோர்னியாவைச் சேர்ந்த பாட்டல்சன் நிறுவனம் இதற்குச் சுத்தியல் தலை என்ற பெயரில் ஒரு வழி கண்டது. முனை பேரலுக்குள் சற்றே நகரும்படி அமைத்தார்கள். முனை கம்பியில் தட்டி நிற்கும்போது பேரல் இன்னும் முன்னேறிக்கொண்டிருக்கும். அது பின்னாலிருந்து முனையை அடித்துப் பலகைக்குள் இறக்கும். புத்திசாலித்தனமான ஏற்பாடு. இருந்தும் இந்தப் பிரச்சினையைப் பெருமளவு தீர்த்தவர்கள் பலகை செய்பவர்கள்தான். உருண்டைக் கம்பியையும் அதை அடித்து நிறுத்திய ஆணிகளையும் எடுத்துவிட்டு, கத்திபோல் விளிம்பு கொண்ட மெல்லிய தகடுகளை நாருக்குள் பதித்தார்கள். அம்பு தெறிப்பது குறைந்தது. கம்பி பிடித்துக்கொண்டிருந்த இடமும் கட்டங்களுக்குத் திரும்பிக் கிடைத்தது. சமீப ஆண்டுகளில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் நீண்ட முனைகளுக்கு மாறியிருக்கிறார்கள். முனை நீண்டால் பருத்த பேரல் பலகையிலிருந்து தள்ளி நிற்கும்; கட்டத்தின் வாசலில் மெல்லிய எஃகு மட்டுமே இருக்கும்.

இவ்வளவையும் கேட்டபின் ஒருவர் நியாயமாகவே மறுக்கலாம்: குறி பார்ப்பது கைதானே, கருவியில் என்ன இருக்கிறது? இந்த மறுப்பில் பெரும்பகுதி உண்மை. கை நீட்டி எறிவதால் அம்பு உண்மையில் கடப்பது சுமார் 2 மீட்டர். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் எறிந்தால் போய்ச் சேர மூன்றில் ஒரு நொடி. அதற்குள் புவியீர்ப்பு அதை ஏறக்குறைய 55 சென்டிமீட்டர் கீழே இழுக்கிறது. எறியும் வேகம் ஒரே ஒரு சதவீதம் மாறினால் குத்தும் இடம் 11 மி.மீ. மேலோ கீழோ போகும். கட்டத்தின் உயரமோ 8. கிளம்பும் கோணம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு மாறினால் மூன்றரை மில்லிமீட்டர் விலகும். எந்த அம்பும் கையின் இந்தப் பிழைகளைத் திருத்தாது. ரயன் டிப்ஷிரானி, ஆண்ட்ரூ பிரைஸ், ஜோனத்தன் டெய்லர் ஆகிய மூவரும் 2011-இல் வெளியிட்ட புள்ளியியல் ஆய்வு, கை எவ்வளவு சிதறுகிறதோ அதற்கேற்பக் குறிவைக்க வேண்டிய இடமே மாறுகிறது என்று காட்டியது. தேர்ந்தவர் 20-இன் மும்மடங்கைக் குறிவைக்கலாம். சற்றுச் சிதறுபவருக்கு 19-இன் மும்மடங்கு மேல், ஏனென்றால் 20-க்கு இருபுறமும் இருப்பவை 1-உம் 5-உம். அதிகம் சிதறுபவர் மையத்தை ஒட்டி, இடப்பக்கம் கீழே எறிவதே லாபம். புதிதாகப் பழகுபவரின் மூன்று அம்பும் மூன்று திசையில் போய் நிற்கும்போது, நெரிசல் என்ற பிரச்சினையே அவருக்கு இல்லை. ஆகவே விலையுயர்ந்த டங்ஸ்டன் செட் அவருக்குத் தேவையில்லை என்பதை நான் தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன். கை கூடக்கூடத்தான் கருவியின் தடிமன் தடையாகிறது. அந்த நிலையை எட்டியவருக்கு, கை செய்யாத தவறுக்காக, முன்னால் நிற்கும் தன் சொந்த அம்பே புள்ளியைத் தட்டிப் பறிப்பது நியாயமில்லை.

கனமான அம்பு இன்னும் உறுதியாகப் பறக்காதா என்பது அடுத்த கேள்வி. போட்டி விதிகள் 50 கிராம் எடையும் 305 மி.மீ. நீளமும் வரை அனுமதிக்கின்றன. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் எடுப்பது பெரும்பாலும் 20 முதல் 26 கிராம் வரைதான். அனுமதித்த எடையில் பாதியை அவர்கள் விரும்பியே விட்டுவிடுகிறார்கள். எடை ஒரு கட்டத்துக்கு மேல் ஏறினால் பேரல் பருக்கும் அல்லது நீளும். மூன்று அம்புகளின் எடை ஒத்துப்போவது பற்றியும் கொஞ்சம் மிகையாகவே பேசப்படுகிறது. எறியும்போது அசைவது அம்பு மட்டுமல்ல. கையும் முன்கையும் சேர்ந்து ஒரு கிலோவுக்கு மேல். கால் கிராம் வித்தியாசத்தால் எறியும் வேகத்தில் வரும் மாற்றம் மிகமிகச் சிறிது. குத்தும் இடம் அரை மில்லிமீட்டர்கூட நகராது. அதைவிடப் பெரிய கேடு செய்வது மடங்கிப்போன இறகு. ஒரு மடல் வளைந்திருந்தால் அந்த அம்பின் ஆட்டம் மற்ற இரண்டிலிருந்து மாறிவிடும், சாய்வு மாறும், வழி அடைபடும். மடித்து ஒட்டாமல், நான்கு மடலும் சரியான செங்கோணத்தில் நிற்கும்படி அச்சில் வார்த்த இறகுகள் வந்திருப்பதை இந்த வகையில் நல்ல முன்னேற்றம் என்பேன்.

கருவியை மேம்படுத்திக்கொண்டே போனால் ஆட்டம் எளிதாகி, திறமைக்கு மதிப்புக் குறையாதா என்று கேட்பவர்களும் உண்டு. 2016-இல் மைக்கேல் வான் கெர்வன் ஓர் ஆட்டத்தில் மூன்று அம்புக்குச் சராசரி 123.40 எடுத்தது போன்ற சாதனைகளை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அந்த உயர்வை முழுக்க உலோகத்தின் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை; ஆட்டக்காரர்கள் முழுநேரத் தொழிலாக ஆடத் தொடங்கியதும், நாள்முழுக்கப் பயிற்சி செய்வதும் அதில் பெரும்பங்கு வகித்தன. அதோடு, திறமைக்கு இடமே இல்லாமல் செய்யும் கருவி எப்படியிருக்கும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். முன்னாள் நாசா பொறியாளர் மார்க் ரோபர் 2017-இல் ஒரு பலகையைக் காட்டினார். கேமராக்கள் அம்பின் பாதையைக் கணித்துச் சொல்ல, மோட்டார்கள் பலகையையே நகர்த்தி நடுமையத்தில் அம்பை வாங்கிக்கொள்ளும். அற்புதமான பொறியியல்தான், ஆனால் அங்கே ஆடுவது கணினி. மெல்லிய பேரலும் ஒதுங்கும் தண்டும் அந்த வகையைச் சேர்ந்தவையல்ல. தவறாக எறிந்த அம்பை அவை ஒரு மில்லிமீட்டரும் திருத்துவதில்லை; சரியாக எறிந்ததை மறிக்காமல் விடுகின்றன, அவ்வளவுதான்.

விலையைப் பற்றிய மறுப்புதான் எனக்கு மிகவும் கனமாகப் படுகிறது. உலகின் டங்ஸ்டனில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு சீனாவில் கிடைக்கிறது. 2025 பிப்ரவரியில் அந்நாடு அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. வெட்டுக்கருவிகளும் ராணுவத் தளவாடங்களும் கேட்கும் உலோகத்தில் விளையாட்டு அம்புக்கு முன்னுரிமை கிடைக்காது. 90 சதவீதத்திலிருந்து 95, 97 என்று ஏற்றிக்கொண்டே போவதில் கிடைக்கும் மெலிவும் வரவரச் சுருங்குகிறது: மேலே போட்ட கணக்கின்படி அடர்த்தி 17-லிருந்து 18 ஆனால் விட்டம் 6 மி.மீ.-லிருந்து 5.8 ஆகத்தான் குறையும். அந்த 0.2 மில்லிமீட்டருக்குக் கொடுக்கும் பணத்தை வேறு இடத்தில் செலவிட்டால் பலன் கூடும். இன்று அம்பின் உறையில் எடையும் டங்ஸ்டன் சதவீதமும் இருக்கின்றன; எடையின் மையம் முனையிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில் இருக்கிறது என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. தள்ளாட்டத்தையும் சாய்வையும் தீர்மானிப்பதில் அந்த எண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு. அது மூன்று அம்பிலும் ஒன்றாக இருக்க வேண்டும். உறையில் அச்சிட்டும் இருக்க வேண்டும். பித்தளை செட்டிலும் இதைச் செய்யலாம், செலவு அதிகமில்லை. அதுவரை வாங்குபவர் தானே சோதித்துக்கொள்ளலாம். இறகும் தண்டும் மாட்டிய மூன்று அம்புகளையும் ஒவ்வொன்றாக ஓர் அடிக்கோலின் விளிம்பில் கிடத்தி, எந்த இடத்தில் சமநிலையில் நிற்கிறது என்று பேனாவால் குறித்துவிட்டு, பிறகு முனைகளைச் சேர்த்து அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். குறிகள் ஒரே கோட்டில் வராவிட்டால், தண்டு சரியாக முறுக்கப்படாமல் இருக்கிறதா, இறகு வேறு அளவா என்று முதலில் பார்த்துச் சரிசெய்யலாம். அதற்குப் பிறகும் வராவிட்டால் அந்த செட்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.